மழைக்கு முன்னால் குடிநீர்: வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் குடிநீர் வேலையில் இருப்பவர்களிடம் பேரிடர் முன்தயாரிப்பு என்று பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்கள் டேங்க் ஆபரேட்டர்கள், ஊராட்சித் தலைவர்கள், செயலர்கள், கவுன்சிலர்கள், சில சமயம் குடத்தோடு நிற்கும் அக்காமார்கள். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில், வில்லங்கமானவை கடைசியில்.

கலெக்டர் ஆபீஸ்லயே பேரிடர் திட்டம்னு ஒரு புத்தகம் இருக்குதே சார். குடிநீருக்குன்னு தனியா இன்னாத்துக்கு?

இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். கலெக்டர்தான் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர். எந்தப் பள்ளிக்கூடம் முகாம், எந்தத் தெரு தாழ்வானது, யார் யாருக்குப் போன் செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் உங்கள் ஊர் மோட்டார் ரூமில் பேனல் போர்டு (மோட்டாரின் ஸ்டார்ட்டரும் சுவிட்சும் இருக்கும் பலகை) தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் மாட்டியிருக்கிறது என்பது அதில் இருக்காது. இருக்கவும் முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வெள்ளம் வந்த அன்று லாரியில் தண்ணீர் கொடுப்பது நிவாரணம். அந்த லாரியே தேவைப்படாதபடி பேனல் போர்டை மே மாதமே மூன்றடி தூக்கி மாட்டுவது தணிப்பு. இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போவது இரண்டாவதைப் பற்றித்தான். அதே சட்டத்தின் 41-வது பிரிவு, பணியாளருக்குப் பயிற்சி கொடுப்பதையும் தளவாடங்களைத் தயாராக வைப்பதையும் உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாகச் சொல்கிறது. ஆகவே இது விருப்பம் இருந்தால் செய்கிற வேலையும் கிடையாது.

பாலாத்துல தண்ணியே வரதில்ல. இதுல வெள்ளத்துக்குத் திட்டம் போடச் சொல்றீங்களே?

எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்கும் கேள்வி. நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். வருஷக்கணக்கில் வெறும் மணலாகக் கிடந்துவிட்டு, வரும்போது மொத்தமாக வரும். 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடிவிட்டுப் போனது. 2021 நவம்பரில் வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போனது. அதே நாட்களில் குடியாத்தத்தில் கௌண்டன்யா ஆறு கரை தாண்டியது. பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

எப்போதும் தண்ணீர் ஓடும் ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு ஆற்றின் மேல் ஒரு பயம் இருக்கும். வறண்ட ஆறு அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறது. ஆற்றுக்குள்ளேயே குழாய் போடுகிறோம், மோட்டார் ரூம் கட்டுகிறோம், ‘எங்க தண்ணி வரப்போகுது’ என்று கேபிளைத் தரையிலேயே இழுத்துவிடுகிறோம். வேலூருக்கு இதுதான் பெரிய ஆபத்து என்பது என் எண்ணம்.

எங்களுக்கு வர்றது காவிரியா, பாலாறா, பொன்னையா? அதே தெரியாம திட்டம் எப்படி?

முதல் வேலையே அதைத் தெரிந்துகொள்வதுதான். இந்த வட்டாரத்தில் பல ஊர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஆதாரங்கள் உண்டு: ஆற்று மணலில் இறக்கிய கிணறுகள், பொன்னை ஆற்றுத் தண்ணீர், மேட்டூர் பக்கத்திலிருந்து வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், அப்புறம் ஊருக்குள் இருக்கும் போர்கள் (ஆழ்துளைக் கிணறுகள்). 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் போனதே, அது இந்தக் காவிரித் திட்டத்துத் தண்ணீர்தான்.

ஒவ்வொன்றுக்கும் ஆபத்து வேறு. ஆற்றுக் கிணற்றுக்கு வெள்ளமும் மணல் அரிப்பும். போருக்கு வறட்சி. காவிரிக்கு நீளமே ஆபத்து: வழியில் எங்கோ ஒரு நீரேற்று நிலையத்தில் கரண்ட் போனாலும், ரோடு வேலைக்காரர் குழாயில் கொத்திவிட்டாலும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி காலியாகும். ஒரே நாளில் எல்லா ஆதாரமும் கெடுவது அபூர்வம். எந்த ஆதாரத்தை எந்த வால்வைத் திருப்பி எந்தத் தொட்டிக்கு மாற்றலாம் என்று முன்னாலேயே தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

ஊரெல்லாம் தண்ணி நிக்கசொல்ல குடிக்கத் தண்ணி மட்டும் ஏன் இல்லாம போவுது?

சங்கிலி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். காற்றில் மின்கம்பம் சாயும், அல்லது பாதுகாப்புக்காக மின்வாரியமே லைனை நிறுத்தும். மோட்டார் நிற்கும். மேல்நிலைத் தொட்டியில் இருப்பது அரை நாளைக்கு. ஆற்றுக்குள் போகும் கேபிளும் குழாயும் அடித்துக்கொண்டு போனால் கரண்ட் வந்தும் பயனில்லை. கிணற்றின் வாய் வழியே கலங்கல் இறங்கிவிட்டால் மோட்டார் ஓடினாலும் குடிக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. நம் ஊர்களில் குழாயில் எப்போதும் தண்ணீர் இருப்பதில்லை. விட்டு விட்டுத்தான் விடுகிறோம். சப்ளை நிற்கும்போது குழாய்க்குள் அழுத்தம் போய், உறிஞ்சும் நிலை வரும். குழாய் சாக்கடையைக் கடக்கும் இடத்தில் சின்னக் கசிவு இருந்தாலும் அங்கே தேங்கிய கழிவுநீர் உள்ளே போகும். மறுநாள் வால்வைத் திறந்ததும் முதலில் அதுதான் வீட்டுக்கு வரும். மழைக்குப் பிறகு ஒரே தெருவில் நாலு வீட்டில் வயிற்றுப்போக்கு என்றால் பெரும்பாலும் இந்தக் கசிவைத்தான் தேட வேண்டும். அதைக் கோடையிலேயே அடைப்பது தணிப்பு வேலை. யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள் என்பதால் தள்ளிப்போகிற வேலையும் அதுதான்.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கிறது? ஃபார்ம் ஏதாச்சும் இருக்குதா?

ஃபார்மை அப்புறம் பார்க்கலாம். ஒரு நோட்டும் சாக்பீஸும் டேப்பும் எடுத்துக்கொண்டு, ஆபரேட்டரை முன்னால் விட்டு, கிணற்றிலிருந்து கடைசித் தெருக் குழாய் வரை நடந்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியது: 2021-ல் இங்கே தண்ணீர் எதுவரை வந்தது? கரண்ட் எத்தனை நாள் இல்லை? எது உடைந்தது? யார் சரிசெய்தார், சாமான் எங்கிருந்து வந்தது?

மோட்டார் ரூம் சுவரில் சேற்றுக் கோடு இன்னும் மங்கலாகத் தெரிந்தால் அதன்மேல் பெயின்டால் ஒரு கோடு போட்டு வருஷம் எழுதுங்கள். தெரியாவிட்டால் பக்கத்து நிலத்துப் பெரியவரைக் கூப்பிட்டால் கையால் காட்டுவார். பிறகு டேப்பைப் பிடித்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர், மெயின் சுவிட்ச், மீட்டர், பிளீச்சிங் பவுடர் மூட்டை, வால்வு சாவி: இவற்றில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பவை எவை? அந்தப் பட்டியல்தான் உங்கள் திட்டத்தின் முதல் பக்கம். பேனலைக் கோட்டுக்கு மேலே இன்னும் இரண்டடி விட்டு மாட்டி, ஆபரேட்டர் ஏறி நிற்க ஒரு சிமென்ட் மேடை போட்டால் போதும். மூழ்கிய பேனலை மாற்ற ஆகும் செலவையும் நாட்களையும் பார்க்கும்போது இது ஒன்றுமே இல்லை.

எங்க ஊராட்சி ரொம்பச் சின்னது. இதெல்லாம் மாநகராட்சிக்குத்தானே?

அமெரிக்காவில் 2018-ல் வந்த குடிநீர்க் கட்டமைப்புச் சட்டம், 3,300 பேருக்கு மேல் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு அமைப்பும் இயற்கை ஆபத்துகளை எடைபோட்டு எழுத வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்கிறது. 3,300 என்பது நம் பக்கம் ஒரு நடுத்தர ஊராட்சிதான்.

சின்ன ஊருக்குத்தான் இது இன்னும் அவசியம். மாநகராட்சியில் ஒரு மோட்டார் போனால் இன்னொன்றை ஓட்டலாம். உங்களிடம் இருப்பதே ஒன்று. வேலை மட்டும் சின்னது. மூன்று நான்கு பக்கத்தில் முடிந்துவிடும்.

ஒரு ஜெனரேட்டர் வாங்கிட்டா முடிஞ்சுதுல்ல?

ஜெனரேட்டர் நல்லதுதான். ஆனால் வாங்கி மூலையில் வைத்து, மூன்று வருஷம் ஸ்டார்ட் செய்யாமல், புயலன்று பேட்டரி செத்துக் கிடப்பதுதான் வழக்கமாக நடப்பது. பல ஊருக்கு வாடகை ஜெனரேட்டரே போதும். அதற்கு முன்வேலை ஒன்று உண்டு: மோட்டார் ரூமில் சேஞ்ச் ஓவர் சுவிட்சும் (லைன் கரண்டா ஜெனரேட்டரா என்று மாற்றுவது) ஜெனரேட்டர் கேபிள் மாட்டும் இடமும் எலெக்ட்ரீஷியனை வைத்துத் தயாராகப் பொருத்தி வைப்பது. அது இல்லாமல் ஜெனரேட்டர் வந்து இறங்கினால் மழையில் நின்றுகொண்டு வயரை முறுக்குவார்கள். ஜெனரேட்டர் கரண்ட் திரும்ப லைனுக்குள் ஏறி, அங்கே வேலை செய்யும் மின்வாரியத் தொழிலாளிக்கு ஷாக் அடித்து உயிர் போகக்கூட வாய்ப்புண்டு.

அளவும் முக்கியம். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 20 எச்பி மோட்டார் என்றால் 15 கிலோவாட். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (கிளம்பும்போது இழுக்கும் கரண்டைக் குறைப்பது) இருந்தால் அதற்கு இரண்டு மடங்குக்குக் குறையாத கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) பாருங்கள். நேரடி ஸ்டார்ட்டர் என்றால் இன்னும் கூட வேண்டும். கல்யாணத்துக்கு லைட் போடும் ஜெனரேட்டர் தாங்காது. டீசல் எங்கே, யார் கணக்கில், ரோடு மூழ்கினால் எந்த வழியாக என்பதையும் எழுதி வைத்துவிடுங்கள்.

ஆத்துக்குள்ள இருக்குற கிணத்தையும் பைப்பையும் என்ன பண்ண முடியும்? வெள்ளம் நம்ம பேச்சு கேக்குமா?

கேட்காது. ஆனால் அது எதைச் செய்யும் என்று தெரியும். வேகமாகப் போகும் தண்ணீர், தடுப்பு எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி மணலைத் தோண்டிவிடும். பாலத் தூணானாலும் கிணற்று உறையானாலும் குழாயானாலும் ஒன்றுதான். 2021 வெள்ளத்துக்குப் பிறகு, டிசம்பரில், முகுந்தராயபுரம் – திருவலம் இடையே பொன்னை ஆற்று ரயில் பாலத்தில் சேதம் தெரிந்து ரயில்களையே நிறுத்தினார்கள். ரயில் பாலத்துக்கே அந்தக் கதி என்றால் அரை அடி ஆழத்தில் புதைத்த பிவிசி குழாய் எம்மாத்திரம்.

செய்யக்கூடியவை: ஆற்றைக் குழாய் கடக்கும் இடத்தில் மணல் அரிக்கும் ஆழத்துக்குக் கீழே இறக்கி, இரும்புக் குழாயாகப் போட்டு, சுற்றிலும் கான்கிரீட் போடுவது. பக்கத்தில் பாலம் இருந்தால் நெடுஞ்சாலைத் துறையிடம் அனுமதி வாங்கிப் ஆற்று ஓட்டத்துக்குக் கீழ்ப்புறமான பாலப் பக்கவாட்டில் கட்டிக் கொண்டுபோவது. இரு கரையிலும் ஒவ்வொரு வால்வு வைப்பது. நடுவில் உடைந்தால் இரண்டையும் மூடிவிடலாம், சேறு ஊருக்குள் ஏறாது. கிணற்றின் தலையை வெள்ளக் கோட்டுக்கு மேல் உயர்த்தி மூடி போட்டுப் போல்ட் வைப்பது. கேபிளைக் கம்பத்தின் மேல் கொண்டுபோவது.

மணல் அள்ளுவதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு யூனிட் மணல் என்பது 200 கன அடி, ஐந்தரை கன மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கன மீட்டர் ஆற்று மணலிலிருந்து சுமார் 200 லிட்டர் தண்ணீர் எடுக்கலாம். அதாவது அந்த இரண்டு யூனிட் போகும்போது ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் தங்கும் இடமும் கூடவே போகிறது. கிணற்று உறை நாலடி வெளியே தெரிய ஆரம்பித்தால், வறட்சியில் ஊற்றும் குறையும், வெள்ளத்தில் கிணறும் சாயும். கிணற்றைச் சுற்றிக் கல் அடுக்குவது தற்காலிக வைத்தியம். மணலைக் காப்பாற்றுவதுதான் மருந்து. இதில் ஊராட்சி தனியாகப் போராடி ஜெயிப்பது கஷ்டம். ஆனால் கிணற்று உறை வெளியே தெரியும் அளவை வருஷாவருஷம் போட்டோவோடு பதிந்து வருவாய்த் துறைக்கும் நீர்வளத் துறைக்கும் கொடுத்துவைத்தால், நாளைக்கு யாரும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது.

புயல் வருதுன்னா டேங்க்கை நிரப்பி வெக்கணுமா, காலி பண்ணணுமா?

நிரப்புங்கள். முதல் காரணம் வெளிப்படை: கரண்ட் போனபின் கையிருப்பு அதுதான். மாடி மேல் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் காற்றில் பறந்துவிடும். தரைக்குக் கீழே கட்டிய சம்பு காலியாக இருந்து, சுற்றிலும் நிலத்தடி நீர் ஏறிவிட்டால், கீழேயிருந்து தள்ளும் அழுத்தத்தில் அடித்தளம் விரிசல் விடலாம். நிரம்பியிருந்தால் அந்தப் பயம் குறைவு.

நிரப்பியபின் வெளியேற்று வால்வை மூடி, மழை நிற்கும் வரை நேரம் வைத்துத்தான் விட வேண்டும். எத்தனை பேருக்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட ஒரு அளவு: பேரிடர் நாட்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலக அளவில் பின்பற்றும் கணக்கு. 3,000 பேர் ஊருக்கு 45,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் தினம் நாலு நடை. அந்த லாரி எங்கே தண்ணீர் பிடிக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பக்கத்து ஊரும் அதே லாரியை நம்பிக்கொண்டிருக்கும்.

வெள்ளத்துக்கப்புறம் பிளீச்சிங் பவுடர் எவ்ளோ போடணும்? கண்ணளவுல போட்டா போதாதா?

கண்ணளவுதான் பிரச்சினை. கணக்கு எளிது. ஒரு லட்சம் லிட்டருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் வேண்டுமென்றால் 200 கிராம் குளோரின். பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 800 கிராம் பவுடர். ஆனால் மூட்டை ஈரத்தில் கிடந்தால் வீரியம் இறங்கிவிடும். அதே 800 கிராம் போட்டாலும் வேலை செய்யாது. மூட்டையைப் பலகை மேல், வாய் கட்டி, வெயில் படாமல் வையுங்கள். பழைய மூட்டையை முதலில் தீருங்கள்.

பவுடரைத் தனி வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத் திறக்க வேண்டும். எவ்வளவு போட்டீர்கள் என்பதைவிடக் கடைசித் தெருக் குழாயில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். வைரஸ் தொற்றுப் பயம் இருக்கும்போது 0.5. குளோரோஸ்கோப் (மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவி) ஊராட்சியிலேயே இருக்கும், அலமாரியைத் திறந்து பாருங்கள். மருந்து பாட்டில் காலாவதியாகியிருக்கும், அதையும் பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் சேற்றோடேயே போராடித் தீர்ந்துவிடும், ஆகவே முதலில் கலங்கல் தெளிய வேண்டும். உடைந்து சேர்த்த குழாயைத் தெளிவாகும் வரை கழுவிவிட்ட பிறகே வீட்டுக்குத் திறக்க வேண்டும்.

வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே திட்டமா? ரெண்டும் எதிர் எதிர் ஆச்சே.

மழைதான் எதிர் எதிர். கிணறு ஒன்றுதானே. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அறிவித்தார்கள். 2021-ல் பாலாறு கரை புரண்டது. இடையில் ஐந்து வருஷம். அதே ஆபரேட்டர், அதே மோட்டார்.

மேலே பார்த்த வேலைகளையே திருப்பிப் பாருங்கள். கசிவை அடைத்தால் வெள்ளத்தில் சாக்கடை கலக்காது, கோடையில் தண்ணீர் மிச்சம். ஆதாரத்தை மாற்றும் வால்வு இரண்டுக்கும் உதவும். மணலைக் காப்பதும் அப்படியே. வறட்சிக்கென்று தனியாகச் சேர்க்க வேண்டியது ஒன்று: போர்களின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மோட்டார் ஓடாதபோது அளந்து நோட்டில் எழுதுவது. மூன்று வருஷ நோட்டு இருந்தால், பிப்ரவரியிலேயே ‘இந்த ஏப்ரலில் இந்த போர் கை கொடுக்காது’ என்று சொல்லிவிடலாம். நோட்டு இல்லாத ஊர் மே மாதம் கத்திரி வெயிலில் ரிக் வண்டிக்காரரைத் தேடி ஓடும். ஆளாளுக்கு இன்னும் நூறடி ஆழப்படுத்துவது பக்கத்துக் கிணற்றை வற்றவைக்கிற வேலைதான். கேட்பவர்களுக்கு இது பிடிப்பதில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

தோல் ஷாப்பு கழிவு இயற்கைப் பேரிடர் இல்லையே. அதை ஏன் சேக்கணும்?

வெள்ளம் இயற்கை. வெள்ளம் எதைத் தூக்கிக்கொண்டு வருகிறது என்பது மனிதர் செய்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். இந்த வட்டாரத்துத் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புக் கொடுத்தது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோவில் கழிவுச் சகதித் தொட்டி உடைந்து தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். அதற்கு வெள்ளம்கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே ஆற்றுக் கிணற்றுக்கு மேல்புறத்தில் கழிவுத் தொட்டியோ குப்பைமேடோ இருந்தால் வரைபடத்தில் குறியுங்கள். நீண்ட வறட்சிக்குப் பிறகு வரும் முதல் வெள்ளம் எல்லாவற்றையும் அலசிக்கொண்டு வரும். அன்று ஆற்றுக் கிணற்று மோட்டாரை நிறுத்திவிட்டு வேறு ஆதாரத்துக்கு மாறுவது நல்லது. கையடக்க டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) மலிவு. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 500 வரை நல்லது, வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை தரம் அனுமதிக்கிறது. வழக்கமான அளவு திடீரென ஏறினால் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள். ஆனால் டிடிஎஸ் மீட்டர், தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் காட்டாது. அதன் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

பூகம்பம்லாம் நம்ம ஊர்ல ஏது?

பெரிதாக வந்ததில்லை. ஆனால் 2002-ல் வெளியான இந்தியத் தர வரைபடத்தில் வேலூர் மூன்றாம் மண்டலம், அதாவது மிதமான ஆபத்து. 2021 நவம்பர் 29 விடியற்காலையில் 3.6 அளவில் ஓர் அதிர்வு வந்தது. இதற்கெனத் தனிச் செலவு வேண்டாம். மேல்நிலைத் தொட்டி என்பது மெல்லிய கால்களின் தலையில் பெரும் பாரம், அதனால் தூண்களில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்று வருஷம் ஒருமுறை பாருங்கள். தெரிந்தால் காற்றுக்கும் ஆபத்துதான். பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

மேல ஆந்திராவுல டேம் தொறந்தா நமக்கு யாரு சொல்வாங்க?

சித்தூர் பக்கத்துக் கலவகுண்டா அணையில் திறந்தால் பொன்னை ஆற்றில் வரும். நம் பக்கத்து மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கௌண்டன்யாவில் குடியாத்தத்துக்கு வரும். தகவல் நீர்வளத் துறை, கலெக்டர் அலுவலகம், வட்டாட்சியர் என்று இறங்கி வரும். வாட்ஸ்அப் அதற்கு முன்னாலேயே வந்துவிடும், ஆனால் போன வருஷத்து வீடியோவும் அதோடு சேர்ந்து வரும்.

எந்தச் செய்தி வந்தால் எதைச் செய்வது என்று முன்னாலேயே எழுதிவைப்பதுதான் இங்கே தணிப்பு. உதாரணமாக: கனமழை எச்சரிக்கை வந்தால் எல்லாத் தொட்டியும் நிரப்புவது, அணை திறப்பு உறுதியானால் ஆற்றுக்குள் இருக்கும் கழற்றக்கூடிய மோட்டாரை வெளியே எடுப்பது, தண்ணீர் குறிப்பிட்ட கல்லைத் தொட்டால் மெயினை அணைத்து ஆள் வெளியேறுவது. அந்த நேரத்தில் ஆபரேட்டர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. அதிகாரத்தை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

எங்க வால்வு எல்லாம் பழைய ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் தெரியும். அவரு வரலைன்னா?

அப்படியானால் உங்கள் ஊரின் மிகப் பெரிய இயற்கை ஆபத்து அவருடைய காய்ச்சல். விளையாட்டாகச் சொல்லவில்லை. வால்வு சேம்பர் மேலேயே தார் போட்டு மூடியிருப்பார்கள், ‘வேப்பமரத்துலேர்ந்து நாலு தப்படி’ என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கும். மரத்தையும் வெட்டியிருப்பார்கள்.

அவரோடு நடந்து, ஒவ்வொரு வால்வையும் போனில் இடம் குறித்துப் போட்டோ எடுத்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் மூடும், எந்தத் தெரு நிற்கும் என்று எழுதுங்கள். மூடியே கிடக்கும் வால்வைத் திருப்பிப் பாருங்கள். துருப்பிடித்து நகராத வால்வு இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். இன்னொருவரைப் பழக்குங்கள், அவருக்குச் சம்பளமும் கொடுங்கள். பெரும்பாலான ஊர்களில் ஆபரேட்டர் சம்பளம் இருக்கும் லட்சணத்துக்கு, அவர் வெள்ளத்தில் இறங்கி வேலை செய்வது நம் அதிர்ஷ்டம்.

காசு எங்க இருக்குது? எல்லாத்துக்கும் மேல இருந்து வரணுமா?

வேலையைப் பிரித்துப் பாருங்கள். பேனல் தூக்குவது, மூடி போடுவது, வால்வு துடைப்பது, வரைபடம் எழுதுவது எல்லாம் பராமரிப்புச் செலவிலேயே அடங்கும். 15-வது நிதிக்குழு 2021–26 காலத்தில் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் ஒரு பகுதியைக் குடிநீருக்கென்றே ஒதுக்கியது. அதே குழு, மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்பு வேலைக்கென்று தனியாகப் பிரித்தது. ஆற்றைக் கடக்கும் குழாய் மாதிரி பெரிய வேலைக்கு மாவட்ட ஆணையம் வழியாக அந்தக் கதவைத் தட்டலாம். வெறும் மனுவைவிட, முன்னே சொன்ன வெள்ளக் கோடு, போட்டோ, எத்தனை நாள் சப்ளை நின்றது என்ற நோட்டு இவற்றோடு போகும் மனுவுக்குத்தான் காது கிடைக்கும்.

இன்னொரு வழி, உடைந்ததைச் சரிசெய்யும்போதே. அடித்துப்போன குழாயை அதே இடத்தில் அதே ஆழத்தில் திருப்பிப் போட்டுப் பில் எழுதுவது சுலபம். அடுத்த வெள்ளத்தில் இன்னொரு பில் எழுதலாம். எஸ்டிமேட்டிலேயே ஆழத்தைக் கூட்டி எழுதுங்கள்.

ரெண்டு வேலைக்குத்தான் காசு இருக்குது, நாலு வார்டும் எங்களுக்கு முதல்லன்னு கேக்குது. எப்படி முடிவு பண்றது?

யார் சத்தமாகக் கேட்கிறார் என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி போடுங்கள். இது நின்றால் எத்தனை பேருக்கு நிற்கும்? அவர்களுக்கு மாற்று ஆதாரம் உண்டா? சரிசெய்ய எத்தனை நாள் ஆகும்? ஆஸ்பத்திரி, விடுதி, முகாமாகப் போகும் பள்ளிக்கூடம் இருக்கும் லைனுக்குக் கூடுதல் எடை. மாற்று ஆதாரமே இல்லாத சின்னத் தெரு, இரண்டு போர் இருக்கும் பெரிய தெருவை முந்தலாம். பெரும்பாலும் அந்தச் சின்னத் தெரு ஊரின் கடைக்கோடியில், தாழ்வான இடத்தில், குரல் குறைந்தவர்கள் இருக்கும் காலனியாகத்தான் இருக்கும்.

கணக்கைக் கிராம சபையில் எல்லோர் முன்னாலும் போடுங்கள். சண்டை வரும். வரட்டும். முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அடுத்த தலைவர் வந்தாலும் வரிசை மாறாது.

திட்டம் போட்டுச் செலவும் பண்ணோம், மழையே வரல. வேஸ்ட்தானே?

அந்த வருஷம் கசிவு குறைந்ததா, மோட்டார் எரிவது குறைந்ததா, லாரிச் செலவு குறைந்ததா என்று பாருங்கள். இதில் பாதி வேலை வெள்ளம் வராவிட்டாலும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ஜெனரேட்டர் வாங்கினால்தான் சும்மா கிடக்கும். அதனால்தான் அதை வாடகைக்குச் சொன்னேன்.

எழுதி முடிச்சா யாரு கிட்ட குடுக்கிறது? நெட்ல போட்டுரலாமா?

ஒரு பிரதி மோட்டார் ரூம் சுவரில், வெள்ளக் கோட்டுக்கு மேலே, பிளாஸ்டிக் உறை போட்டு. ஒன்று ஊராட்சி அலுவலகத்தில், ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலகத்தில், ஒன்று கலெக்டர் அலுவலகப் பேரிடர் பிரிவில். கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் உதவிப் பொறியாளருக்கும் ஒன்று. வால்வு வரைபடத்தையும் தொலைபேசி எண்களையும் நெட்டில் போட வேண்டாம். எந்தெந்த வேலை எந்த மாதத்துக்குள் என்ற பட்டியலை மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

திருப்பிப் பார்ப்பது வருஷம் ஒருமுறை, செப்டம்பரில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் மேடை கட்டச் சிமென்ட் காயாது.